படத்துக்குப் பின்னால் ஓடிய வரிகள்

அக்கா,

இன்று காலையில் உன் கணினியை மறுபடி போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் கிடந்த தூசி சூடேறி, அந்தப் பழைய வாடை வந்தது. திரையில் ஜெனியும் வந்தாள். எட்டாம் வகுப்புச் சீருடையில், மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில், குடையை விரிக்க முடியாமல் முழிக்கிறாளே, உன் மகளின் அந்தப் படம்தான். அதன் கீழே, கணினி திறக்கும்வரை காத்திருக்கச் சொல்லும் மூன்று புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு அணைத்தேன். நீ போன பிறகு வாரம் ஒருமுறை இதைச் செய்கிறேன். ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தேதான் செய்கிறேன்.

படத்தை வைத்தவன் நான். உன் கணினி கிழடு, விண்டோஸைத் தாங்கவில்லை. தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்து அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். உனக்கு எல்லாம் பிடித்தது, திறக்கும்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடுவதைத் தவிர. "என்னடே இது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு கணக்கா ஓடுது. பாத்தாலே பயமா இருக்கு. அத மறைச்சிரு" என்றாய்.

மறைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. சர்ச்சில் பூசை முடிந்து வந்து உட்காருவோம். படத்தை அதற்குரிய இடத்தில் வைத்து, புள்ளிகள் எங்கே ஓட வேண்டும் என்று நாலு வரி எழுதி, கணினியை அணைத்துப் போட வேண்டும். முதல் தடவை ஜெனி அகலமாக இழுபட்டு வந்தாள். "ஏலே, எம்புள்ளய பூசணிக்காயா ஆக்கிட்டியே" என்று சிரித்தாய். அடுத்த தடவை குடை மட்டும் வந்தது. ஏழாவதோ எட்டாவதோ தடவை சரியாக வந்தபோது கை தட்டினாய். வரிகள் இனிமேல் கண்ணில் படாதிருக்க 'quiet', சத்தம் காட்டாதே, என்று ஒரே ஒரு சொல்லையும் சேர்த்து வைத்தேன். அந்தச் சொல்லை நினைத்துத்தான் இப்போது தினமும் சாகிறேன்.

உன் நோய்க்கு இனி மருந்தில்லை என்று டாக்டர் கைவிரித்த பிறகு நீ அந்தக் கணினியே கதி என்று கிடந்தாய். ஜெனிக்குத் தமிழ் பேச வரும், அதுவும் பாதி இந்தி, வாசிக்க வராது. "நா எழுதி வச்சா அவளுக்கு யாரு வாசிச்சுக் குடுப்பா? எங்களுக்கு நடுவுல இன்னொரு ஆளு எதுக்கு? நா பேசியே வச்சிருதேன். நா இல்லாதப்ப கேக்கட்டும்" என்றாய். போனில் பேசி வைத்தால் அவள் இப்போதே தோண்டி எடுத்துவிடுவாள் என்று பயந்தாய். நான்தான் மைக் வாங்கி வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு நாள்தோறும் பேசினாய். தாயும் மகளும் பேசுவதில் கை வைக்கக் கூடாது என்று நான் ஒரு பிரதிகூட எடுக்கவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை நீயே சொன்னாய். "புள்ளி ரொம்ப நேரம் ஓடுதுடே. முன்ன ஒரு அருள்நிறை சொல்லுக நேரந்தான். இப்ப செபமாலையில பத்து மணியும் உருட்டி முடிச்சிருதேன்."

படம் பெரிதாக இருக்கிறது, அதுதான் தாமதம் என்றேன். படத்தைச் சுருக்கிப் போட்டுவிட்டு வந்தேன். சயானில் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அங்கே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் முதல் காரியமாக எஸ்கேப் பொத்தானை அழுத்தி, படத்தை விலக்கி, பின்னால் ஓடும் வரிகளைத்தான் படித்திருப்பேன். உன் வீட்டில் எனக்கு அது தோன்றவில்லை.

உன் அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம்தான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். வரிக்கு வரி ஒரே செய்தி: வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, படிக்க முடியவில்லை. எத்தனை மாதமாக அது கத்திக்கொண்டிருந்ததோ. பழுதான வட்டிலிருந்து மீட்டுத் தருகிற கடைக்காரர் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "பஹுத் லேட் கர் தியா, பாய்" என்று திருப்பிக் கொடுத்தார். ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்துவிட்டேனாம். படமும் புள்ளிகளும் இருக்கிற மூலை மட்டும் பிழைத்திருக்கிறது. உன் குரல் இருந்த இடம் முழுக்கப் போய்விட்டது.

போன வாரம் ஜெனி கல்லூரி விடுதியிலிருந்து வந்தாள். "மாமா, அம்மா எனக்கு ரெக்கார்டிங் வெச்சிருக்கேன்னு சொன்னாங்க. எப்ப கேக்கலாம்? ஜல்தி இல்ல, மெதுவாவே ஆகட்டும்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படம், அந்தச் சொல், நீ புள்ளியைப் பற்றிச் சொன்னது, நான் படத்தைச் சுருக்கியது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. "அம்மா என்ன பேசினாங்கன்னாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன தெரியும், அக்கா? நான் வந்திருந்த நாட்களில்கூட, நீ பேசியபோது அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பேசி முடித்த கடைசி நாள் கதவைத் திறந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஒண்ணு விடாம சொல்லிட்டேன்டே. இனி எனக்கு ஒரு கொறயும் இல்ல" என்றாய். என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதை அவளிடம் சொன்னேன்.

நான் இன்னும் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள்.