மூன்று தெருவுக்குக் கேட்ட வயிற்றுவலி

என் அக்கா பெற்ற அருமை மருமகளுக்கு,

குடல்வாலைப் பறிகொடுத்தும் கம்பீரம் குறையாத மாமா எழுதுவது. இப்போது சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று குழாய் ஸ்பேனர் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன்.

வலி வந்த அன்று நான் போட்ட கூச்சலில் மூன்று தெருவின் தண்ணீர்த் தொட்டிகளிலும் அலை அடித்தது. மயக்க ஊசி நான்கு போட்டும் நான் பேச்சை நிறுத்தவில்லை. வெட்டி எடுத்த குடல்வாலை இரண்டு பேர் தோளில் சுமந்து போனார்கள். உன் அத்தை, "சுண்டுவிரல் அளவுதான், நானே பார்த்தேன்" என்கிறாள். பாவம், அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது.

நீ ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். உன் மகள் குண்டூசி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்தாள். அவள் தட்டில் மிச்சம் வைத்ததை நான் வழித்துத் தின்றேன். பத்தாம் நாள் எனக்கு வயிறு பிடித்தது. மூன்றையும் கூட்டி, "என் பிள்ளைதான் மாமாவைப் படுக்க வச்சுட்டா" என்று போனில் அழுதாயாமே!

டாக்டரிடமே கேட்டுவிட்டேன். குடல்வால் ஒரு முனை மூடிய குழாயாம். வாய் அடைத்தால் உள்ளே கிருமி பெருகி வீங்குமாம். அடைத்தது இறுகிய மலமாக இருக்கலாம், புழுவாக இருக்கலாம், ஏதோ வைரஸ் காய்ச்சலில் உள்சதை தடித்திருக்கலாம். எனக்கு எதுவென்று சோதனையிலும் தெரியவில்லை. "யாரையும் கைகாட்ட முடியாதுங்க. அப்பெண்டிக்ஸ் ஒருத்தர்கிட்டேருந்து ஒட்டிக்கிற நோயும் இல்ல" என்றார்.

முப்பது வருஷமாக அடைப்பு எடுக்கிற எனக்கு இது தெரியாதா? குழாய் அடைத்தால் மாடிவீடு கீழ்வீட்டைத் திட்டும், கீழ்வீடு மாடியைத் திட்டும். திறந்தால் எல்லார் தலைமுடியும் உள்ளே கிடக்கும். இதை டாக்டருக்கு விளக்கினேன். "நீங்க கொஞ்சம் சும்மா படுங்க" என்று மனதாரப் பாராட்டினார்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தன்னால்தான் தாத்தாவுக்கு இப்படி ஆனது என்று குண்டூசி காதில் மட்டும் விழுந்துவிடக் கூடாது. ஆறு வயசு அதைத் தாங்காதம்மா. அவளைக் கூட்டிக்கொண்டு வா.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்தில் கதவு ஆயிரத்து இருநூறு முறை திறந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்ததில் கட்டிலே இளைத்துவிட்டது.

தாயும் மகளும் நூறு வயசு இருங்கள். டாக்டர் சொன்னது அவர் சரக்கு, அதை நம்பு. என் சரக்கெல்லாம் புளுகு. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
மாமா