ஒன்றில் வைத்த ஃபேன்

வைகாசி, ஞாயிறு இரவு. லேக் கார்டன்ஸ்.

வத்சலாவின் காலைநேர உழைப்பு முழுவதையும் இன்று ஒரு சுவிட்சைத் தட்டிப் பாழாக்கினேன்.

போட்டியில் சுடும் ரைஃபிள் தோட்டாக்களை அவளே தயாரிப்பாள். அதற்கான உரிமத்தை அலிப்பூர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்தைக் குட்டித் தராசில் நிறுத்துப் போட வேண்டும். காற்றுப் பட்டால் தராசு ஆடும் என்று, இந்தப் புழுக்கத்திலும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்துவிடுவாள். காபி கொண்டுபோன நான், அவள் கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்து, என்னையறியாமல் ஃபேனை ஒன்றில் வைத்துவிட்டு வந்தேன். வேலை மும்முரத்தில் அவளுக்கும் உறைக்கவில்லை. திரைச்சீலை அசைந்த பிறகுதான் கூப்பிட்டாள்.

"எப்பப் போட்டேள்?"

"தெரியலையே. கொஞ்ச நேரமாச்சு."

தட்டிலிருந்த எல்லாத் தோட்டாக்களையும் பிரிக்க ஆரம்பித்தாள்.

"கடைசி நாலஞ்சுதானே சந்தேகம்? அதுக்கு எல்லாத்தையுமா?"

"எந்த நாலஞ்சுன்னு தெரியாதே. மருந்து கூடிப்போனா துப்பாக்கியே வெடிச்சுடும். சுடறச்சே கன்னத்தை அது மேலதான் வெச்சுண்டிருப்பேன்."

மெல்ல நழுவப் பார்த்தேன்.

"எனக்கு வேர்க்கறதேன்னுதானே போட்டேள்? போகாதேங்கோ, இங்கேயே உக்காருங்கோ."

அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சைக்கூட வேறு பக்கம் திரும்பித்தான் விட்டேன்.

இப்போது ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. வத்சலா என் பக்கம் திரும்பித் தூங்குகிறாள். வலது கன்னம் மேலே தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதுவதால் வரி கோணலாகப் போகிறது.