சின்னவனின் வயது

2026 ஜனவரி 4, ஞாயிறு

கார்த்திகைப் புயலில் மலை சரிந்து, ரயில் பாதை அறுந்து கிடந்த வருஷம் போன புதன்கிழமையோடு முடிந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆறாம் நம்பர் மலை பாதிக்குமேல் ஆற்றுக்குள் போய்விட்டது. ஆள் சேதம் இல்லை என்று கிராம சேவகர் எழுதிக்கொண்டு போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, மகள் வினோதா எழுதுகிறாள். கனடாவில் இருக்கும் மகன் ஜீவராஜ் கேட்டான்: "அப்பா, உங்க மண்டைக்குள்ள இருக்கிறதையெல்லாம் ஒரு கொப்பியில ஏத்தி வைங்க."

அவன் அங்கே ஐஸ் ஹாக்கியில் கோல் காக்கிறவன். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. போன புதிதில் ஐஸ் மைதானத்தைக் கூட்டிக் கழுவுகிற வேலை. 2007இல் ஒரு நாள் ஏதோ ஒரு அணிக்குக் கோல் காக்க ஆள் வரவில்லை. இவனுக்குக் கவசத்தை மாட்டி நிறுத்திவிட்டார்கள். ஐஸில் நிற்கவே தெரியாது. பதினொரு கோல் விட்டான். அடுத்த வாரமும் போனான். கல் மாதிரி ஒரு ரப்பர் வட்டு, அடித்தால் கண்ணுக்கே தெரியாதாம். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அதற்கு இரண்டு பல், ஒரு விரல், வலது முழங்கால் கொடுத்திருக்கிறான்.

போன வருஷம் இளவட்டங்களின் அணி அவனைக் கழித்துவிட்டது. மார்ச்சில் ஐம்பது முடிந்ததால், ஐம்பது தாண்டியவர்கள் மட்டும் ஆடும் அணியில் சேர்ந்தான். "கெழவனுங்க மத்தியில நான்தாம்ப்பா பொடியன் மாதிரி பாயுறேன்" என்று இன்று போனில் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

ஜனவரி 11

ஜீவராஜ் முப்பத்திரண்டு அடியைத் தடுத்தான். ஒன்றுதான் உள்ளே போனது. இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

தோற்ற அணி முணுமுணுக்கிறதாம், இவனுக்கு ஐம்பது என்றால் நம்ப முடியவில்லை என்று. "பொறப்புப் பத்திரத்தக் காட்டினேன்ப்பா. வாய மூடிக்கிட்டாங்க" என்றான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இரத்தத்தில் சீனி கூடியிருக்கும் என்கிறாள் வினோதா. கூடட்டும்.

ஜனவரி 18

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இறுதிப் போட்டிக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம், ஆட்டக்காரர்களைப் பற்றி. "நான் பொறந்தப்ப இங்க என்ன நடந்துச்சு, சொல்லுங்கப்பா. நீங்கதான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருப்பீங்களே" என்றான். என் ஞாபகத்தைப் புகழ்ந்தால் எனக்குத் தலைகால் தெரியாது. சொன்னேன்: எலெக்சன் முடிஞ்ச அடுத்த மாசம் லொறியில ஆளுங்க வந்து நம்ம லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்சாங்க, நீ பன்னெண்டு நாள் பிள்ள, தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தோம், நீ அழுதுடக் கூடாதுன்னு அம்மா விடிய விடிய மார்லயே போட்டிருந்தா.

"எந்த எலெக்சன்ப்பா?"

"எழுபத்தேழு."

பிறகு மெதுவாக, "பத்திரத்துல எழுபத்தஞ்சு மார்ச்சுன்னு இருக்கே" என்றான்.

சிக்னல் அறுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 19

நேற்று எழுதியதைக் கிழித்துவிடு என்று வினோதாவிடம் சொன்னேன். "கிழிக்கச் சொன்னீங்கன்னு வேணும்னா எழுதிக்கிறேன்" என்கிறாள். தாயைப் போலவே.

ஜனவரி 22

வினோதா பேனாவை வைத்துவிட்டு, "யாரு வயசுப்பா அது?" என்று கேட்டாள். சொன்னேன். எழுதவா என்றாள். எழுது.

மூத்த பிள்ளை ஒன்று இருந்தது. அதன் பெயரும் ஜீவராஜ்தான். எழுபத்தைந்து மார்ச்சில் பிறந்தது, பஞ்ச காலம். கம்பெனித் தோட்டத்தை அரசாங்கம் எடுத்து ஏழாவது மாதம், வயிற்றோட்டத்தில் போய்விட்டது. பதினாலு மாதப் பிள்ளை. கூப்பன் புத்தகத்தில் அதன் பெயரில் ஒரு பங்கு அரிசி வந்துகொண்டிருந்தது. இறந்தது என்று பதிந்தால் அதை வெட்டிவிடுவார்கள். பதியவில்லை. விடியற்காலை, வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்கு ஆள் கூடும் முன்னே, என் தம்பி சிவசாமியும் நானும் ஆறாம் நம்பர் மலையில் குழி வெட்டி வைத்துவிட்டு வந்தோம். பெரட்டில் நானும் நின்றேன், என் மனைவி பூரணியும் நின்றாள். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா அம்மாக்கண்ணு, பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடும்போது அவன் பெயருக்கு "இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்று மாதம் சொன்னாள். பிறகு, பால் குடி மறந்துவிட்டான், சித்தப்பன் வீட்டில் வளர்கிறான் என்று சொல்லிவிட்டோம்.

அடுத்தவன் பிறந்தபோது கையில் ஒரு பத்திரம் இருந்தது. இருக்கிற பத்திரத்தை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு ஏன் பதிவுக் கந்தோருக்கு நடக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் யோசித்தேன். சாமி சத்தியமாக அவ்வளவுதான்.

வினோதா எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தாள். "அதான் அம்மா அண்ணனக் கடைசிவரைக்கும் சின்னவன்னே கூப்பிட்டாங்களா?"

ஆமாம். அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை.

"மெட்ச் முடியட்டும்ப்பா. அதுவரைக்கும் அண்ணன்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். சரி என்றேன்.

ஜனவரி 25

சொல்லிவிட்டேன்.

என்ன செய்ய? எடுத்த எடுப்பிலேயே, "எனக்கு எத்தன வயசுப்பா?" என்றான். தகப்பனிடம் ஒருவன் கேட்கிற கேள்வியா அது? நாற்பத்தெட்டு என்றேன். மற்றதையும் சொன்னேன். கடைசியில், "அப்ப நான் ஊரை ஏமாத்திக்கிட்டுல்ல நிக்கிறேன்" என்றான். நீ இல்லைடா, நான்தான் என்றேன். போனை வைத்துவிட்டான்.

ஜனவரி 29

போன் இல்லை.

பெப்ரவரி 3

போன் இல்லை. இந்த ஒன்பது நாளில் இரண்டு முறை, பையில் இருந்ததை எடுக்காமலே சட்டையை ஊற வைத்துவிட்டேன். வெற்றிலையும் கசக்கிறது.

பெப்ரவரி 8, ஞாயிறு

அங்கே சனி இரவு, இங்கே காலை. வினோதா போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்தாள். ஆட்டத்தை நேரடியாகக் காட்டுகிறார்கள்.

கோலில் ஒருவன் நின்றான். முகமூடி, கவசம், ஆளே தெரியவில்லை. "அண்ணன்தாம்ப்பா, அந்த நீலச் சட்டை" என்றாள். நான் கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மைதானத்தில் மூங்கில் கம்பம் நட்டுப் பந்து விளையாடிய நாளிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். ஆட்டம் தொடங்கும் முன் இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. கனடாவிலும் விட்டதில்லை.

விசில் ஊதினார்கள். இவன் தட்டவில்லை.

"அது அவன் இல்ல, புள்ள."

மூன்றாவது கோல் உள்ளே போனபோது ஓரத்தைக் காட்டினார்கள். சாதாரணக் கோட்டும் தொப்பியுமாக ஜீவராஜ் அங்கே நின்று, உள்ளே போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். ஐந்துக்கு இரண்டு. தோற்றுவிட்டார்கள். கடைசி ஆள் வெளியேறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

பெப்ரவரி 9

கூப்பிட்டான்.

"மனேஜர், பத்திரத்துல இருக்குல்ல, பேசாம நில்லுன்னாருப்பா. நின்னிருக்கலாம். ஆனா அது அண்ணனோட வயசு. அத மாட்டிக்கிட்டு நிக்க முடியல."

"தோத்துட்டீங்களேடா."

"ஆமா, எல்லாரும் என்னைய மொறைச்சிக்கிட்டுத் திரியுறானுங்க. ரெண்டு வருசம் கழிச்சு ஒழுங்கா அம்பது ஆகி வாரேன், கோல் எங்கயும் போயிடாதுன்னு சொல்லிட்டேன்." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பா, பள்ளிக்கூடத்துல எல்லாரும் என்னைவிட ரெண்டு வயசு பெரியவனுங்க இல்ல? ஓடி ஈடு குடுக்க மாட்டேன்னுதான என்னைய எப்பவும் கோல்ல நிப்பாட்டினானுங்க?"

எனக்கு இது தோன்றியதே இல்லை. ஆமாம் என்றேன்.

"அண்ணன எங்க வச்சீங்க?"

"ஆறாம் நம்பர்ல. கார்த்திகையில அந்த மலையே போயிருச்சு, தம்பி."

சிக்னல் அறுந்ததோ என்று பார்த்தேன். அறவில்லை, மூச்சு கேட்டது.

"முகம் எப்படி இருந்துச்சுப்பா?"

எந்த வருஷம் எந்த மலையில் என்ன கொழுந்து என்று கேட்டால் சொல்லுவேன். அந்த முகம் எனக்கு இல்லை. எத்தனையோ வருஷமாகத் தேடுகிறேன். அதையும் அவனிடம் சொன்னேன்.

சித்திரைக்கு வருகிறானாம். அந்தப் பிள்ளையைத் தூக்கினவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். குழி வெட்டிய சிவசாமி போய்விட்டான். பூரணி போய்விட்டாள். வட்டகொடையில், பேத்தி வீட்டில், அம்மாக்கண்ணு இருக்கிறாள்.