முயல் அக்காவின் மகள்

ஜூன் 12

குட்டியின் அப்பாவுக்கு,

நலம்தானே? நீங்கள் இருவரும் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. துவைத்து மடித்த அவளுடைய கவுனை உள்ளே எடுத்து வைக்க மனம் வராமல் நாற்காலியிலேயே விட்டிருக்கிறேன். காது கேளாதோர் பள்ளி அவளுக்குப் பிடித்திருக்கிறதா? அழுகிறாளா? அச்சகத்தில் புது வேலை உங்களுக்கு எப்படி?

நானும் வந்திருக்க வேண்டும். "முயல் அக்கா இல்லாம குழந்தைங்க நிகழ்ச்சியா? சேனலையே மூடிடலாம் மேடம்" என்கிறார் தயாரிப்பாளர். ஒரு வருடம்தான், பல்லைக் கடித்துக்கொள்வோம். சாயங்காலம் டிவி முன்னால் அவளை உட்கார வையுங்கள். காதைப் பறித்த அந்தக் காய்ச்சலுக்கு முன்பு என் பாட்டைக் கேட்காமல் அவள் தூங்கியதே இல்லை. இப்போது முகத்தையாவது பார்க்கட்டும்.

உங்கள் பாட்டுக்காரி


ஜூலை 3

அன்புள்ள பாட்டுக்காரிக்கு,

தினமும் பார்க்கிறோம். பள்ளியில் உதட்டசைவைப் படிக்கப் பழக்குகிறார்கள். அதனால் உன் வாயையே உற்றுப் பார்க்கிறாள். ஆனால் உன் கையில் மாட்டிய அந்தப் பாழாய்ப்போன முயல் பொம்மை குறுக்கே வந்துவிடுகிறது. நேற்று எழுந்து போய்த் திரையிலேயே அதை ஓங்கி ஓர் அறை விட்டாள்!

சைகை மொழி மளமளவென்று வருகிறது. தண்ணீர், பசி, வேண்டாம். இதில் 'வேண்டாம்'தான் அதிகம். டீச்சர் சனிக்கிழமைகளில் பெற்றோருக்கும் கற்றுத்தருகிறார். "அம்மா வரலையா?" என்று கேட்டார். "பாட்டுக் கச்சேரி" என்று சமாளித்தேன். ஒருமுறையாவது வா.

அன்புடன்,
நான்தான்


ஜூலை 20

குட்டியின் அப்பாவுக்கு,

முயலை இடது கைக்கு மாற்றிவிட்டேன். இனி வாயை மறைக்காது, அவளிடம் சொல்லுங்கள். சனிக்கிழமைதான் மேடை நிகழ்ச்சிகள், என்ன செய்ய? சைகைகளைத் தாளில் வரைந்து அனுப்புங்கள். கண்ணாடி முன் நின்று பழகுகிறேன்.

ஒரு பாட்டைச் சைகையோடு பாடட்டுமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டேன். "குழந்தைங்க பாட்டு கேக்கத்தான் வர்றாங்க. கைய ஆட்டுனா யார் பாப்பாங்க?" என்று முடித்துவிட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை.

உங்கள் பாட்டுக்காரி


ஜனவரி 9

பாட்டுக்காரிக்கு,

நீ வந்துபோனதில் குட்டிக்கு ஏக சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் பிள்ளைகள் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நீயும் அவர்களுக்குப் பாடினாய். குட்டி என் விரலைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றாள். உன்னை ஏற்றிவிட்ட பிறகு கையால் கேட்டாள்: 'அம்மா வாயத் தொறந்தா ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க? எனக்கு மட்டும் ஏன் சொல்லல?'

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்ததாகப் போகிற போக்கில் சொன்னாய். கையெழுத்துப் போடும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குட்டியின் அப்பா


அக்டோபர் 6

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. கோபம் எனக்குப் புரிகிறது.

நேற்று நேரடி ஒளிபரப்பு. கடைசிப் பாட்டில் முயலைக் கழற்றி மேசையில் வைத்தேன். வாயை மூடிக்கொண்டு கைகளால் மட்டும் பாடினேன், முழுப் பாட்டையும். காதில் மாட்டியிருந்த இயர்போனில் தயாரிப்பாளர் "பாடுங்க மேடம், பாடுங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இன்று காலை வேலை போயிற்று. போகட்டும். இதைப் போன வருடமே செய்திருக்க வேண்டும். குட்டி பார்த்தாளா? என்ன சொன்னாள்? மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி ஒன்றாகவே இருப்போம்.

உங்கள் பாட்டுக்காரி


அக்டோபர் 15

உனக்கு,

பார்த்தோம். பள்ளி விடுதியில் பிள்ளைகள் டிவியை மொய்த்துக்கொண்டார்கள். தங்களுக்கென்று ஒருவர் பாடி அவர்கள் பார்த்ததே இல்லை. குதித்த குதியில் ஒரு பெஞ்சு உடைந்தது. குட்டி பெருமையோடு எல்லோரிடமும் சொன்னாள்: 'முயல் அக்கா எனக்குத் தெரிஞ்சவங்க.'

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். அவள் இப்போது டீச்சரைத்தான் அம்மா என்கிறாள். நான் திருத்தவில்லை. கோடையிலிருந்து நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனேன் என்பதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை.

இப்போது வராதே. குழந்தை குழம்பிப்போவாள்.


நவம்பர் 2

குட்டியின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்காமல் நேற்று முன்தினம் வந்தேன். பயப்படாதீர்கள், வீட்டுப் பக்கம் வரவில்லை. பள்ளிக்கு எதிரே பழக்கடை ஓரமாய் நின்றேன்.

டீச்சர் பிடித்த கையை உதறிவிட்டுப் பேசிக்கொண்டே வந்தாள் குட்டி. அவளுக்குப் பேச இரண்டு கையும் வேண்டுமே! எவ்வளவு பேச்சு! சரியான வாயாடி ஆகிவிட்டாள். டீச்சர் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

திடீரென்று குட்டி என் பக்கம் கை நீட்டினாள். எனக்கு உயிரே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு நாய்க்குட்டி. அதைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். கைகள் போன வேகத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அவர்கள் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பஸ் ஏறிவிட்டேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. அவளுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும், டீச்சரிடம் சொல்லிவையுங்கள். பதில் எழுத வேண்டாம்.

குட்டியைப் பெற்றவள்