கான்ஹேரி மலையில் வடைமாலை

மாட்டுங்கா, பம்பாய்
12-12-1946

சௌபாக்கியவதி ஷ்யாமளாவுக்கு அம்மாவின் மனமார்ந்த ஆசீர்வாதம். அப்பாவின் முழங்கால் சிராய்ப்பைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சௌக்கியம்தானே. வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, காரமாக ஏதாவது இருந்தால்தான் உள்ளே இறங்குகிறது என்று எழுதியிருந்தாய், அதைப் படித்ததிலிருந்து எனக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பிரசவத்தைத் தில்லியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சிராய்ப்பு. சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை மலிவாக விற்கிறார்கள் இல்லையா, உன் அப்பா ஒரு பைனாகுலரும் கூடாரமும் வாங்கி வந்து, கான்ஹேரி மலையில் தங்கிச் சிறுத்தையைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் போயே இருக்க மாட்டேன். ஆனால் நீ உண்டானால் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக நான் வேண்டிக்கொண்டது தள்ளிக்கொண்டே போயிற்று, உளுந்து கிடைத்தால் எண்ணெய் இல்லை, எண்ணெய் கிடைத்தால் உளுந்து இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைத்த சனிக்கிழமையாகப் பார்த்து இவர் மூட்டை கட்டினார். மாருதி கோவில் இல்லாத மலை இந்தப் பக்கத்தில் ஏது, அங்கேயே சாத்தலாம் வா என்றார். எதிர்வீட்டு ருக்கு ஒத்தாசைக்கு வந்தாள், மடியாக வடை தட்டி மாலை கோத்து டின்னில் வைத்துக்கொண்டு, போரிவிலியில் இறங்கி மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். மலை முழுக்கக் குடைந்த குகைகள், கவிழ்த்த அண்டா மாதிரி பாறைகள், கீழே காடு, தூரத்தில் துளசி ஏரி. எல்லாம் இருந்தது, மாருதியைத்தான் காணோம்.

வேறு வழியில்லாமல் ஓர் ஆலமரத்துக் கிளையில் மாலையைச் சாத்தி, நீ எங்கேயும் இருக்கிறவன்தானே என்று நமஸ்காரம் பண்ணினேன். அப்போது பாறைமேல் பைனாகுலரும் கையுமாக நின்ற அப்பா, சத்தம் போடாதே, சிறுத்தை வாலை ஆட்டறது, என்ன நீளம்டீ என்று கிசுகிசுத்தார். வாலை ஆட்டியது அவர் தலைக்கு நேர்மேலே உட்கார்ந்திருந்த கருமூஞ்சிக் குரங்கு. பைனாகுலரை இறக்கினதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடினது அப்பாதான், சிராய்ப்பு அங்கேதான் வந்தது.

குரங்கு சாவகாசமாக இறங்கி வந்து மாலையிலிருந்து ஒரு வடையைப் பிய்த்துக் கடித்தது. எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. ஆனால் அது கடித்ததைத் துப்பி, மீதியை என் மேலேயே எறிந்துவிட்டுப் போயிற்று. அப்படியே உட்கார்ந்துவிட்டேன் ஷ்யாமளா. சுவாமி வேண்டாமென்று சொல்லிவிட்டாரே, என் பெண்ணுக்கு என்ன வரப்போகிறதோ என்று அழுதேன். அப்பா பிரசாதம்தானே என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் ஜலம் வழிய, ஏண்டீ, வடையில மிளகு போட்டியா, மிளகுல வடை போட்டியா என்றார். நைவேத்தியத்தை முன்னாடி ருசி பார்க்கலாமோ, நான் போட்டது தெரியாமல் ருக்குவும் ஒரு பிடி போட்டிருக்கிறாள். காரணம் தெரிந்தும் என் மனசு ஆறவில்லை. வேறு எந்தக் குரங்கும் மாலையைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் கூடாரத்தை மடிக்கும்போது ஒரு பெண் குரங்கு மெள்ள வந்தது, நிறைமாத வயிறு. மாலைக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றது. பங்குக்கு வந்த பெரிய குரங்குக்கு ஓர் அறை கொடுத்தது, கடைசி வடைவரை விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கென்றே சுவாமி அந்தக் காரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார், நான்தான் அசடு மாதிரி அழுதிருக்கிறேன். அப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அதைப் பைனாகுலர் வழியாகவே பார்த்துக்கொண்டு நின்றார். ராத்திரி சிறுத்தை கூடாரத்தைச் சுற்றியிருக்கிறது என்று வண்டிக்காரன் தடத்தைக் காட்டினபோதுகூட அவர் திரும்பவில்லை. இவர் குறட்டையைக் கேட்டு, உள்ளே ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான் என்று அது போயிருக்கும்.

அதே கணக்கில் மிளகு போட்டு வடை தட்டித் தனியாக டின்னில் அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளை கண்ணில் காட்டாதே. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. சகல சௌபாக்கியத்தோடும் சுகப்பிரசவமாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். சீமந்தம் ஆனதும் இங்கே வந்துவிடு. அப்பா வாயைத் திறந்து கேட்க மாட்டார். ஆனால் தினம் ஆபீஸிலிருந்து வந்ததும் பால்கனியில் நின்று தண்டவாளத்துப் பக்கம் பைனாகுலரைத் திருப்புகிறார். மாட்டுங்காவில் ஏது சிறுத்தை என்று கேட்டேன். தில்லி வண்டி தெரியறதான்னு பாக்கறேன் என்றார்.

உன் அம்மா,
வாலாம்பாள்