மேஜை முன்னால் சொல்லாதது

பேத்தி வேலை செய்யும் ஆபீசில் பெண்களுக்கெல்லாம் ரோஜாக் கட்டு கொடுத்தார்களாம். நேற்று கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்துவிட்டு, போனோடு அறைக்குள் போய்விட்டாள். வெட்டிய காம்பும் நனைந்த அட்டையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், "இது நம்ம பேக்கிங் ஷெட்டு வாசமாச்சே" என்று சொல்லத் திரும்பினேன். கேட்க ஆளில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பூப் பண்ணையில் நீ சூப்பர்வைசர், நான் காம்பு வெட்டுகிறவள். வயதில் சின்னவளானாலும் உன்னை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் இனிமேல் 'நீ'தான்.

உன்னிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. யார் தப்புச் செய்தாலும், எல்லாரும் நின்று பூக்கட்டும் மேஜை முன்னால் திட்டமாட்டாய். "கொஞ்சம் குழாய்கிட்ட வாங்க" என்பாய். கை கழுவும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்புவாய். திரும்பி வருகிறவளிடம், "என்னாடி, தலைக்குக் குளிச்சிட்டு வர்றியா?" என்போம். அவளும் சிரித்துவிடுவாள்.

இன்னொரு கட்டளையும் போட்டிருந்தாய். "புது ஆளுங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்காதீங்க. ஆளுக்கொரு விதமா சொன்னா குழம்பிடுவாங்க. நான் சொல்லிக்கறேன்."

பிப்ரவரி காதலர் தின ஆர்டர் நெருக்கத்தில் சாமல்பட்டிப் பக்கமிருந்து புதுப் பெண்கள் வந்தார்கள். அன்று உன்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் சொல்லாமலே போய்விட்டாய். சாமிக்கும் தலைக்கும் பூ வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். நன்றாக விரிந்த பூவைத்தான் நல்ல பூ என்று தேடி எடுத்து, கட்டின் முன்பக்கம் வைத்தார்கள். வெளிநாட்டுக்குப் போகிற ரோஜா மொட்டாகப் போக வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நானே சொல்லிக் கொடுக்கட்டுமா என்று கேட்க மீட்டிங் அறை வாசலில் வந்து நின்றேன். "அப்புறம் வாங்கக்கா" என்று கையைக் காட்டினாய்.

மேனேஜர் வந்து கட்டுகளைப் பார்த்துவிட்டு உன்னைக் கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். கோபம் வந்தால் கன்னடத்தில் முணுமுணுப்பவள், அன்று அத்தனை பேருக்கும் புரியும்படி தமிழில் கத்தினாய். "இத்தினி வருஷமா இருந்து என்னா பிரயோஜனம்? கண்ணு தெரியலன்னா வூட்ல இருக்க வேண்டியதுதானே!"

மத்தியானம் என்னைக் குழாய்க்குக் கூப்பிட்டாய்.

"அக்கா, மன்னிச்சிருங்க. அவரு பக்கத்துல நின்னாரு, பயத்துல வாய் தவறிடுச்சு."

"திட்டுனது எங்க மேடம்?"

"டேபிள் கிட்ட."

"அப்ப அங்க வந்து சொல்லுங்க."

"அங்க சொன்னா நாளைக்கு எவக்கா என்னை மதிப்பா?"

"சொன்னாத்தான் மதிப்பாளுங்க."

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாய்.

அன்றோடு உன்னிடம் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சை நிறுத்தினேன். நீயானால் சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல என் எதிரில் வந்து உட்காருவாய். டப்பா மூடியில் ஊறுகாய் வைத்து என் பக்கம் தள்ளுவாய். நான் தொடமாட்டேன். மறுநாளும் தள்ளுவாய். வருஷக்கணக்கில் இப்படியே போனது. முழங்கால் வலியால் நான் வேலையை விட்ட அன்று கேட் வரைக்கும் கூட வந்தாய். மேஜை உள்ளே ஷெட்டில் இருந்தது, நீ கேட்டில் நின்றாய். திரும்பிப் பார்க்காமல் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன்.

தேன்கனிக்கோட்டையில் உன் சாவு வீட்டில், அந்தச் சாமல்பட்டிப் பெண்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேலைய விட்டு நின்ன பிறகு, புது ஆளுங்க வந்தா மேடம் டேபிள் முன்னாடி நின்னு சொல்லுவாங்கக்கா. 'ஒரு தடவ நான் சொல்லிக் குடுக்காம போயிட்டு, ஒரு அக்காவப் போட்டுத் திட்டிட்டேன். தப்பு என்னுது. இனிமே தெரிஞ்சவங்க யார் வேணா சொல்லிக் குடுங்க, எனக்காகக் காத்திருக்காதீங்க' அப்படீன்னு."

நன்றாக இருக்கிறது உன் நியாயம். முகம் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய். ஒரு பஸ் ஏறி என் வாசலுக்கு வந்து சொல்ல உனக்குக் கால் வரவில்லை. அந்தத் தப்புக்கு மன்னிப்பே கிடையாது.

இங்கே வீட்டில் எல்லாரும் நல்லவர்கள். "சாப்டியா பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். யாருக்கும் என்மேல் கோபமில்லை. கோபித்துக்கொள்ளும் அளவுக்கு யாரும் என் எதிரில் உட்காருவதும் இல்லை. உன்னோடு பேசாமல் இருந்த வருஷங்களில், எதிரே நீ இருந்தாய். இப்போது நான் யாரோடு பேசாமல் இருப்பது?