பிரிக்க வேண்டிய தையல்

புக்கெகோஹி,
வியாழக்கிழமை

அன்புள்ள மகள் சுகந்தினிக்கு,

நானும் தம்பி நிமலன் வீட்டாரும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆறு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. செய்தியில் உக்ரைன் என்று வந்தாலே நிமலன் சத்தத்தைக் குறைக்கிறான், நானும் கவனிக்காததுபோல் இருக்கிறேன்.

இங்கே தோட்டக்காரப் பெண்கள் செவ்வாய்தோறும் ஊர் ஹோலில் கூடி, நீ வேலை செய்யும் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் காயப்பட்டவர்களுக்குச் சட்டை தைப்பதையும் நான் அங்கே போவதையும் முன்பே எழுதினேன். வெங்காயம் பொதிசெய்துவிட்டு வந்து மெஷினில் உட்காருவார்கள். நல்ல மனம், ஆனால் வேலை சுத்தமில்லை என்று நினைத்தேன். சட்டைகளின் இரண்டு பக்கத்தையும் தைக்காமல் நாடாக்களை மட்டும் தொங்கவிட்டிருந்தார்கள். நான் ஒருவரையும் கேட்கவில்லை. கொன்வென்டில் படித்த காலத்தில் சிஸ்டர் என் தையலைத்தான் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார், அந்தப் பெருமையோடு முப்பது சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாடாக்களை வெட்டி, பக்கங்களை மடித்துக் கையாலேயே தைத்து, பெட்டியிலும் நானே அடுக்கினேன். பெட்டி போய் மூன்று கிழமையாகிறது. நேற்று முன்தினம் ஹோலில் இன்னொரு சட்டையை அப்படி மூடிக்கொண்டிருந்தபோது, பொறுப்பாக இருக்கும் ஹெதர் பார்த்துவிட்டு, ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் விட்டதை முடிக்கிறேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. கை முறிந்தவரை அசைக்காமல் உடுத்தத்தான் பக்கம் திறந்திருக்கிறது, நாடாவைக் கட்டினால் போதும் என்றார். நிமலனிடம் சொன்னால், அம்மா, ஆரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, உங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லையே என்கிறான். உன் அப்பா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போனது என்று ஹெதருக்கும் தெரியாது. அனுப்புகிறவர்களுக்கு அறிவிக்கும்போது பக்கத்தை மூடியது நான்தான் என்று என் பெயரைப் போட்டே எழுதச் சொன்னேன். அதற்குள் யாரோ ஒரு பிள்ளையின் முறிந்த கையை என் சட்டைக்காகத் தூக்கியிருப்பார்களோ என்ற நினைப்பு என்னை விடுவதில்லை. நிமலன் இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவான். கண்டதும் பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு, சைரன் கேட்டால் நோயாளிகளோடு நீயும் கீழே போ, எல்லோரும் போகட்டும் என்று நிற்காதே. பிள்ளையார் உன் கூடவே இருப்பார்.

சட்டை வெளிர்நீலம், நூல் வெள்ளை. உன் ஆஸ்பத்திரியில் கண்டால் யார் தைத்தது என்று உனக்கு விளங்கும். அழகு பார்க்காதே, பக்கத் தையலை மேலிருந்து கீழே வெட்டிவிடு.

உன் அன்பு அம்மா,
யோகராணி இரத்தினசிங்கம்